பிரித்தால் கெட்டுப்போகும்

அந்த வீட்டில் மாமியார் இல்லாத குறையை ஒரு பேலர் தீர்த்து வைத்திருந்தது. வெட்டிப் போட்ட புல்லை வாரி எடுத்து, வயிற்றுக்குள் உருட்டி, கயிறு சுற்றி, பின்கதவு வழியாகப் பெரிய உருளையாகத் தள்ளுகிற இயந்திரம். காய்ந்த வைக்கோலுக்கென்று யாரோ எப்போதோ செய்தது. எத்தனை கை மாறி இங்கே வந்ததோ தெரியாது. அதற்குப் போய் ஈரப்புல்லைக் கொடுத்தால் முனகாமல் என்ன செய்யும்? பட்டை வழுக்கும், உருளைத்தண்டில் புல் சுற்றிக்கொள்ளும், பாதி வயிற்றில் அப்படியே நின்றுவிடும்.

"என்ன போட்டாலும் ஒரு குறை, எப்பப் பாத்தாலும் ஒரு முனகல். மாமியார் இல்லாத வீடுன்னு நம்பித்தான் என்னைக் கட்டிக் குடுத்தாங்க," என்று சொல்லி அக்காதான் அதற்கு மாமியார் என்று பெயர் வைத்தாள்.

நான் பால்வண்டி ஓட்டுகிறவன். என் காலைச் சுற்றில் அதுதான் கடைசி வீடு. கேனை ஏற்றிவிட்டு ஒரு டீ குடிக்கிற அளவுக்கு அவகாசம் இருக்கும். அக்கா எனக்கு அக்கா ஆனது இரத்த உறவினால் அல்ல, அந்த டீயினால். அவள் அக்கா என்பதால் அவள் புருஷன் எனக்கு மாமா. ஊரில் அவரை "இப்பவே" என்பார்கள். எதுவானாலும் அவருக்கு இப்பவே நடந்தாக வேண்டும். கொதிக்கிற டீயை இப்பவே குடித்து நாக்கைச் சுட்டுக்கொள்கிற ஆள். அவருடைய தம்பிக்கு "பாத்துக்கலாம்" என்று பெயர். ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து வைத்திருந்த அவசரத்தை மூத்தவரே மொத்தமாக வாரிக்கொண்டு பிறந்துவிட்டார் என்பாள் அக்கா.

மழை நின்று மூன்று நான்கு மாதம் அந்த நிலத்தில் பச்சை என்று ஒன்றும் இருக்காது. அந்தக் காலத்துக்கு மாடுகளுக்கு இருப்பது இந்த உருளைகள்தான். பாதி வாடிய புல்லை இறுக்கி உருட்டி, காற்றுப் புகாமல் பிளாஸ்டிக் தாள் சுற்றி வைத்துவிட்டால் உள்ளேயே புளித்துப் பதமாகிவிடும். சைலேஜ் என்றும் சொல்வார்கள், ஊறுகாய்ப் புல் என்றும் சொல்வார்கள். மூடி இருக்கும்வரை மாதக்கணக்கில் இருக்கும். பிரித்துவிட்டால் நாலைந்து நாளில் பூஞ்சை பிடித்துக் குப்பைக்குத்தான் போகும்.

அந்த வருடம் புல் நன்றாக வந்திருந்தது. முந்தின நாள் வெட்டி வரிசை வரிசையாக வாடவிட்டிருந்தார்கள். காலையில் நான் போனபோது மாமா ஒரு பிடி அள்ளி முறுக்கிக்கொண்டிருந்தார். தண்ணீர் சொட்டக்கூடாது, ஆனால் உள்ளங்கை ஈரமாக வேண்டும். அதுதான் பதம்.

"மாப்ளே, ஒரு கை குறையுது. பாலை இறக்கிட்டு நேரா இங்க வந்துரு."

"பெரிய மழையா வரும்போல இருக்கே மாமா."

"அதனாலதான் சொல்றேன். இப்பவே ஆரம்பிச்சாத்தான் உண்டு. டேய், இன்னும் என்னடா பல் விளக்கிக்கிட்டு இருக்கே?"

"வாயில நுரை இருக்குண்ணே. துப்பிட்டு வரேன். பாத்துக்கலாம்," என்றது தொழுவத்துக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

நான் திரும்பி வந்தபோது பாதி வயல் முடிந்திருந்தது. சோம்பேறி என்று பெயர் எடுத்தவன் டிராக்டரில் ஏறிவிட்டால் வேறு ஆள். வரிசையின் மேல் நேராகப் போகமாட்டான். கொஞ்சம் இடப்பக்கம், கொஞ்சம் வலப்பக்கம் என்று வளைத்துப் போவான். அப்போதுதான் மாமியாரின் வயிறு இரண்டு ஓரத்திலும் சமமாக நிறையும், உருளை ஒரு பக்கம் சூம்பாது. நிறைந்ததைக் காட்டுகிற கம்பி எப்போதோ ஒடிந்துபோய்விட்டது. என்ஜின் சத்தம் கனப்பதை வைத்தே நிறுத்துவான், கயிறு சுற்றும்வரை காத்திருப்பான், பிறகு கதவைத் திறப்பான். முன்னால் பார்த்துத்தான் ஓட்ட முடியும். பின்னால் உள்ளே என்ன போகிறது என்று அவனுக்குத் தெரியாது.

தாள் சுற்றுகிற வேலை அக்காவுடையது. சுழலும் மேடையில் உருளை மெதுவாகத் திரும்ப, வெள்ளைத் தாள் பசை ஒட்டிக்கொண்டு அடுக்கடுக்காக ஏறும். எண்ணிக்கை காட்டும் முள் அதிலும் வேலை செய்யாததால் அக்கா வாய்விட்டு எண்ணுவாள். நடுவில் யார் பேசினாலும் கோபம் வரும். விட்டுப்போனால் ஒரு சுற்று கூடவே போடுவாளே தவிரக் குறைக்கமாட்டாள்.

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் மாமியார் நின்றாள். உருளைத்தண்டில் புல் வடம் மாதிரி முறுக்கிக்கொண்டிருந்தது. தம்பிக்காரன் என்ஜினை அணைத்துவிட்டு அரிவாளோடு அடியில் படுத்தான்.

"அணைக்காம எடுடா. திரும்ப ஸ்டார்ட் ஆகலேன்னா என்ன பண்ணுவே?"

"கை போயிரும்ணே. கை போச்சுன்னா பாத்துக்கலாம்னு சொல்ல முடியாது."

"வாய் மட்டும் போகாது உனக்கு."

"அது உங்க கூடப் பொறந்ததாலே வந்தது."

அக்கா சிரித்துவிட்டாள். கொண்டுவந்திருந்த சோற்றை நின்றபடியே ஆளுக்கு ஒரு உருண்டை உருட்டி எங்கள் கையில் வைத்தாள். கிரீஸ் வாடையோடு தின்றோம். முதல் தூறல் என் கழுத்தில் விழுந்தது. தாள் ரோல் தீரப்போகிறது, கொட்டகையில் இருப்பதை எடுத்துவா என்று மாமா என்னை விரட்டினார்.

நான் கொட்டகைக்குப் போயிருந்த நேரத்தில்தான் அது நடந்தது. அக்கா பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். அடைப்பு எடுத்ததும் வந்த இரண்டாவது உருளையோ மூன்றாவதோ. மேடையில் ஏற்றித் தாளின் நுனியைச் செருகப் போனவள், கயிற்றுக்கு அடியில் பழுப்பாக முடி தெரிவதைப் பார்த்திருக்கிறாள். விரலால் விலக்கினால் ஒரு காது. முயல். வாடின புல்லுக்குள் பதுங்கியிருந்திருக்கும், ஓடத் தெரியாத குட்டியோ என்னவோ.

"ஏங்க, இங்க வாங்க. இதுல முயல் சிக்கியிருக்கு."

மாமா வந்து பார்த்தார். வானத்தைப் பார்த்தார். மிச்சமிருந்த வரிசைகளைப் பார்த்தார்.

"சுத்து."

"செத்ததை உள்ள வச்சா? பிரிச்சு எடுத்துருவோம்."

"இதைப் பிரிச்சு, உதறி, திரும்ப உருட்டுறதுக்குள்ள அங்க கிடக்கிறது எல்லாம் நனைஞ்சு நாறிரும். இப்பவே சுத்து. தனியா வச்சுக்கலாம். அப்புறமா அந்தப் பக்கத்தை வெட்டி எறிஞ்சுட்டா போச்சு."

"தம்பிகிட்ட சொல்லிடறேன், அதைத் தனியா அடுக்கட்டும்."

"அவன்கிட்ட சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி. பால்வண்டிக்காரன் காதுல விழுந்தா நாளைக்கே நம்ம பாலை வேண்டாம்பான். வாயை மூடிக்கிட்டு சுத்து."

அந்தப் பால்வண்டிக்காரன் நான்தான். அப்போது ரோலைத் தோளில் சுமந்து வரப்பில் வழுக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தேன். சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று பலமுறை யோசித்துவிட்டேன்.

அக்கா சுற்றினாள். மனசு கேட்காமல், ஓட்டை அடைக்க வைத்திருந்த டேப்பில் இரண்டு துண்டு கிழித்து, உருளையின் வட்ட முகத்தில் பெருக்கல் குறி மாதிரி ஒட்டினாள். அதற்குள் மழை இறங்கிவிட்டது. கடைசி இரண்டு வரிசை நனைந்தே போயிற்று. நாங்கள் மூன்று பேரும் கொட்டகைக்கு ஓடினோம். தம்பிக்காரன்தான் அந்த மழையில் நனைந்துகொண்டே எல்லா உருளைகளையும் டிராக்டரில் தூக்கிக் கொட்டகைச் சுவரோரம் அடுக்கி முடித்தான். எது தனி என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

குறி இருக்கிறதே என்ற தைரியத்தில் அக்கா இருந்தாள். பச்சை தீர்ந்து முதல் உருளையைப் பிரிக்க வேண்டிய நாளில், அதைத் தள்ளி வைக்கச் சொல்லலாம் என்று கொட்டகைக்குப் பின்னால் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். எங்கே பார்த்தாலும் பெருக்கல் குறி. மேல் வரிசையிலும் கீழ் வரிசையிலும், ஒரே உருளையில் இரண்டு மூன்று இடத்திலும்.

"தம்பி, இதெல்லாம் யாரு ஒட்டினது?"

"நான்தான் அண்ணி. காக்கா கொத்தி ஓட்டை போட்டு வச்சிருந்துச்சு. ஒரு துண்டு ஒட்டினா மறுபடி கொத்திப் பிய்க்குது. குறுக்கால ரெண்டு ஒட்டினா நிக்குது. ஒண்ணுல நீங்க அப்படித்தான் ஒட்டியிருந்தீங்க, அதைப் பாத்துத்தான் யோசனை வந்துச்சு."

அக்கா அடுக்கின் கடைசிவரை நடந்து ஒவ்வொரு குறியாகப் பார்த்தாள்.

"என்ன அண்ணி? யாரும் சொல்லாம நானா செஞ்ச வேலை இது. அண்ணன் பாராட்டும்னு பாத்தேன்."

"நான் ஒட்டினது எது? ஞாபகம் இருக்கா?"

"அது எப்படித் தெரியும்? எல்லாம் வெள்ளையா ஒரே மாதிரிதானே இருக்கு. ஏன்?"

சொன்னாள். அவன் அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான். அன்றைக்கு அவன் வாயிலிருந்து பாத்துக்கலாம் வரவில்லை என்று அக்கா பிற்பாடு என்னிடம் சொன்னாள்.

சாயங்காலம் மூன்று பேரும் அந்த அடுக்கின் முன்னால் நின்று பேசியிருக்கிறார்கள். இதில்தான் சிக்கல். முயல் எதில் இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் பிரிக்க வேண்டும். எல்லாவற்றையும் பிரித்தால் எல்லாம் கெட்டுப்போகும். பிரிக்காமல் ஒவ்வொன்றாகப் போட்டால் என்றைக்கோ ஒரு நாள் அது வரும்.

"புளிப்புல கிருமி எல்லாம் செத்துரும்," என்றார் மாமா.

"முயல்தான் முன்னாடியே செத்துருச்சே. அதுல இருந்து வர்ற விஷம் எப்படிச் சாகும்?"

"அப்ப என்ன, எல்லாத்தையும் தூக்கி எறிஞ்சிரவா? மாட்டுக்கு உன் சேலையைப் போடுவியா?"

"எறிய வேண்டாம். ஒவ்வொண்ணாப் பிரிப்போம். பிரிச்சதைப் பாயில விரிச்சு, கையால உதறி, கடைசி நடு வரைக்கும் பாத்துட்டு அப்புறம் போடுவோம். முயல் வந்தா அந்த உருளையையே புதைச்சிருவோம். நான் உதறுறேன். நீங்க யாரும் செய்ய வேண்டாம்."

அப்படியே நடந்தது. காலையில் நான் போகும்போது அக்கா பாயில் உட்கார்ந்து புல்லை உதறிக்கொண்டிருப்பாள். இறுகிக் கிடக்கும் புல் அடுக்கடுக்காகத்தான் பிரியும். விரல் நுனியெல்லாம் புளிப்பு ஏறி வெடித்திருந்தது. டம்ளரைப் பிடிக்க முடியாமல் துணியால் சுற்றிப் பிடித்தாள். ஏன் இப்படி உதறுகிறாய் என்று கேட்டேன். கல் இருக்கும், கம்பி இருக்கும் என்றாள். நம்பினேன்.

ஒரு நாள் அவள் பல்வலி தாங்காமல் டவுனுக்குப் போனாள். முகமே வீங்கியிருந்தது. என் வண்டியில்தான் ஏறி வந்தாள். போகும்போது மாமாவிடம் மூன்று தடவை சொன்னாள்.

"இன்னைக்கு ஒண்ணு பிரிக்கணும். நீங்கதான் உதறணும். நடு வரைக்கும் உதறுங்க. அவசரப்படாதீங்க."

"எனக்குத் தெரியும், நீ போ. பல்லைப் புடுங்கிட்டு வா, நானும் கொஞ்ச நாள் நிம்மதியா இருக்கேன்."

தம்பிக்காரன் அன்றைக்கு வேறு யாருக்கோ உழப் போயிருந்தான். சாயங்காலம் அக்கா திரும்பி வந்தபோது உருளை பாதி தீர்ந்து மாடுகள் அசைபோட்டுக்கொண்டிருந்தன. உதறினீங்களா என்றாள். உதறினேன் என்றார்.

அதற்கு அடுத்த வாரம் செவலை மாடு பின்னங்காலைத் தூக்கிவைக்க முடியாமல் தள்ளாடியது. மறுநாள் படுத்துவிட்டது. காய்ச்சல் இல்லை, வயிறு உப்பவில்லை. கண் தெளிவாக இருந்தது, கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தது. வாயிலிருந்து எச்சில் மட்டும் ஒழுகிக்கொண்டே இருந்தது. மாட்டு டாக்டரம்மா வந்து அதன் நாக்கைப் பிடித்து வெளியே இழுத்து விட்டார். நாக்கு அப்படியே தொங்கியது. உள்ளே இழுத்துக்கொள்ள அதற்குப் பலம் இல்லை.

"தீவனத்துல செத்தது ஏதாவது கலந்துச்சா? எலி, பூனை, பறவை?"

மாமா வாசலைப் பார்த்தார். அக்காதான் சொன்னாள், எல்லாவற்றையும், ஒன்று விடாமல். நான் கேனைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்தே சொன்னாள் என்றுதான் எனக்குப் பட்டது.

"செத்ததுல ஊறின விஷம்தான். இதுக்கு மருந்து இல்லம்மா," என்றார் டாக்டரம்மா. "தின்னது எவ்வளவுன்னு இருக்கு. நின்னுக்கிட்டிருக்கிற மாடுகளை இன்னும் சில நாள் பாக்கணும். அதுவரைக்கும் பால் வெளிய போகக்கூடாது."

கேனைக் கீழே வைத்தேன். காலியாக வைத்தாலாவது சத்தம் வந்திருக்கும். நிறைந்த கேன் சத்தமே இல்லாமல் உட்கார்ந்தது. அக்கா அதைத் தூக்கிக்கொண்டு போய்ச் சாக்கடையில் ஊற்றினாள். பால் கறந்த சூடு அதில் இன்னும் இருந்தது.

செவலை செத்தது. அதன் பிறகு கறுப்பு படுத்தது. மாமா மெலிந்துபோனார், ஆனால் பிடிவாதம் மெலியவில்லை.

"நான் உதறித்தான் போட்டேன். இது முயல் இல்ல. வேற ஏதோ சீக்கு."

"டாக்டரம்மா சொன்னது காதுல விழலையா?"

"அவங்க ஆயிரம் சொல்வாங்க. மாடு பட்டினி கிடக்குது பாரு. ரெண்டு நாளா வெறும் தண்ணி. இன்னைக்கு ஒண்ணு பிரிக்கத்தான் போறேன்."

"பிரிக்கக் கூடாது. முயல் இன்னும் உள்ளதான் இருக்கு. நீங்க உதறினதுல வரலேன்னா இதுல ஏதோ ஒண்ணுலதான் இருக்கு. காக்கா போட்ட ஓட்டை வழியா அதோட தண்ணி இறங்கி மத்ததுலயும் பட்டிருக்கும், அதைத்தான் தின்னுருக்கும். நான் உதறினதுலகூட இருந்திருக்கலாம்."

கடைசியில் சொன்னதுதான் அவளை அரித்துக்கொண்டிருந்தது. தன் கையால் உதறிப் போட்ட புல்லில்தான் விஷம் இருந்தது என்று நம்பத் தொடங்கியிருந்தாள். வெடித்த விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

கறுப்பு செத்த அன்று காலை, எடுக்கப் பால் இல்லாவிட்டாலும் பழக்கத்தில் வண்டியை அங்கே விட்டேன். மாமா ஒரு உருளையை உருட்டிக்கொண்டு தொழுவத்துக்கு வந்துகொண்டிருந்தார். அக்கா எதிரே வந்தாள், கையில் அரிவாள். நான் பதறிவிட்டேன். அவள் அவரைத் தாண்டிக் கொட்டகைக்குப் பின்னால் போனாள். முதல் உருளையின் தாளை மேலிருந்து கீழாக ஒரே இழுப்பில் கிழித்தாள். அடுத்தது. அதற்கடுத்தது.

"ஏய், என்ன பண்றே? பைத்தியமா உனக்கு? எல்லாம் போச்சு!"

"போகட்டும். மூடி வச்சிருந்தா நீங்க போடுவீங்க. பசிக்குதுன்னு போடுவீங்க, ஒண்ணு ஒண்ணாச் சாகும். நான் அதைப் பாத்துக்கிட்டு இருக்கணுமா?"

மாமா ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தார். தம்பிக்காரன் வந்து அண்ணனின் கையைப் பிடித்தான். பிறந்ததிலிருந்து அவன் அண்ணனைத் தொட்டுத் தடுத்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும். "விடுங்கண்ணே. அண்ணி கிழிக்கட்டும்," என்றான். மாமா விட்டுவிட்டார். அக்கா கடைசி உருளைவரை கிழித்துவிட்டு அரிவாளைப் போட்டாள்.

பிறகு உதறினோம். கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு நாலு பேரும் ஆளுக்கொரு உருளையாக எடுத்து உதறினோம். அந்த இடம் முழுக்கப் புளித்த பழ வாசனை எழுந்தது. பொன்பச்சை நிறம், பூஞ்சை ஒரு பொட்டு இல்லை. எனக்கு மாட்டுத் தீவனம் பற்றிப் பெரிதாகத் தெரியாது, ஆனால் அவ்வளவு நல்ல சைலேஜை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. ஓட்டின கையும் சுற்றின கையும் அப்படி. வாசனை போய்த் தொழுவத்தில் மாடுகள் கத்த ஆரம்பித்தன. பட்டினி மாடு கத்துவதைக் கேட்டுக்கொண்டு தீவனத்தை வெறுமனே உதறிக்கொண்டிருப்பது கொடுமை.

முயல் இல்லை. எலும்பு இல்லை, முடி இல்லை. பொழுது சாய்கிற நேரத்தில் கடைசி உருளையின் நடுப்பகுதியைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் தம்பிக்காரன் நிமிர்ந்தான்.

"இல்ல அண்ணி. இதுல எதுலயும் இல்ல."

நான் உதறுவதை நிறுத்தினேன். அப்படியானால் அது ஏற்கனவே போடப்பட்டதில் இருந்தது. அக்கா தன் கையால் உதறியதில் இருந்திருந்தால் அவள் கண்ணில் படாமல் போயிருக்காது. எனக்குப் புரிந்தது, தம்பிக்காரனுக்கும் புரிந்தது. அக்கா மாமாவைப் பார்க்கவே இல்லை.

மாமாதான் பேசினார். "மேல ரெண்டு அடுக்கு உதறினேன். மிச்சத்தை அப்படியே தள்ளி விட்டுட்டேன். மாடு கத்திக்கிட்டே இருந்துச்சு."

அக்கா திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் அவருக்கும் எங்களுக்கும் நன்றாக இருந்திருக்கும்.

"இதை மாட்டுக்குப் போடலாம்," என்றாள். "நாலு நாள் தாங்கும். போட முடிஞ்ச வரைக்கும் போடுங்க. அதுக்கப்புறம் நிக்கிறதை வித்துருவோம்."

கோடை முழுவதற்கும் சேர்த்து வைத்ததை நாலு நாளில் தின்ன மாடுகளுக்கு எத்தனை வயிறு வேண்டும்? ஆனாலும் அள்ளிக்கொண்டு போனோம். அந்த வீட்டில் தீவனத்தை எப்போதும் அளந்துதான் போடுவார்கள். அன்றைக்குத் தொட்டி நிரம்பித் தரையெல்லாம் சிந்திக் கிடந்தது. மிச்சமிருந்த மாடுகள் தலையைத் தூக்காமல் தின்றன. செவலையும் கறுப்பும் கட்டியிருந்த இடத்தில் கயிறு மட்டும் கிடந்தது.

மாமா ஒரு பிடியை எடுத்து, இரண்டு கையாலும் பிரித்து, வெளிச்சத்தில் காட்டி, உதறி, பிறகு தொட்டியில் போட்டார். அடுத்த பிடியையும் அப்படியே. எல்லாம் ஏற்கனவே பார்த்தது. அவர் முன்னால் நின்ற வெள்ளை மாடு கழுத்தை நீட்டி அவர் கையை முட்டியது. அவர் குனிந்து இன்னொரு பிடியை எடுத்துப் பிரித்தார்.

"போடுங்க," என்றாள் அக்கா. "அதுல ஒண்ணும் இல்ல."

அவர் உதறிக்கொண்டே இருந்தார்.